குழாய்க் கணக்கின் போலிப் பாடம்

போட்டித் தேர்வுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஸ்ரீரங்கத்து வீட்டில், சத்தம் வருமே என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வீடியோ பாடங்கள் எடுப்பேன். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அவை ஆப்பில் ஓடும். ஒருநாள் பார்த்தால், அத்தனையும் இணையத்தில் ஏதோ ஒரு குழுவில் இலவசமாகக் கிடக்கின்றன! வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் திருட்டு முழி முழிப்பதாகவே பட்டது. ஞாயிறுதோறும் கே.கே. நகரில் நேரடி வகுப்பு உண்டு. போனைத் தடவுகிறவன் மேல் சந்தேகம். ஒழுங்காகக் குறிப்பெடுக்கிறவள் மேலும் சந்தேகம். இவ்வளவு அக்கறை எதற்காம்? பொன்மலையிலிருந்து வருகிறவர் வணக்கம் சொல்லிச் சிரித்ததற்குக்கூட அர்த்தம் தேடினேன்.

பச்சைமலையிலிருந்து ஒரு பெண் வருவாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்த முறை தேறாவிட்டால் படிப்பை மூட்டை கட்டச் சொல்லியிருந்தார்கள் வீட்டில். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “மேடம், வீடியோவை டவுன்லோட் பண்ணிக் குடுப்பீங்களா? எங்க ஊர்ல சிக்னலே நிக்காதுங்க.”

“எதுக்கு? ஊருக்கெல்லாம் பந்தி வைக்கவா?” என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. இவள்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகுதான் போலிப் பாடங்கள் எடுத்தேன். அதே தலைப்பு, அதே பலகை, அதே குரல். முதல் பத்து நிமிடம் சரியாக இருக்கும். அப்புறம் குறுக்குவழி என்று சொல்லித் தப்பாக நடத்துவேன். ஒரு குழாய் தொட்டியை ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று பன்னிரண்டில். இரண்டையும் திறந்தால்? கூட்டி இரண்டால் வகுத்தால் ஒன்பது என்றேன், கூசாமல். வேறு பெயரில் அந்தக் குழுவுக்குள் நுழைந்து நானே போட்டேன். திருடிப் படிக்கிறவனுக்கு நல்லா வேணும்!

தேர்வு முடிந்த ஞாயிறு அவள் கேள்வித்தாளோடு வந்தாள். அதே மாதிரி குழாய்க் கணக்கு வந்திருந்தது. ஒன்பதைக் குறித்திருந்தாள். அதுபோல் இன்னும் மூன்று. எனக்குப் பகீரென்றது.

“எங்கேம்மா பாத்தே இதை?”

தலையைக் குனிந்தாள். துறையூரில் இருக்கும் மைத்துனர் அந்தக் குழுவிலிருந்து எடுத்து, மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தாராம். பணம் கட்டிய பாடத்தையே திருட்டு வழியில் பார்த்திருக்கிறாள், பாவி மகள். சிக்னலே இல்லாத ஊரிலிருந்து அவள் எதை ஏற்றியிருக்க முடியும்? அது என் மரமண்டையில் ஏறவில்லையே! உண்மையில் திருடியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஒரு குழாயே ஆறு மணி நேரத்துல நிரப்பிடும். ரெண்டும் சேர்ந்தா எப்படி ஒன்பதாகும்? யோசிக்க வேணாமா?” என்று அவளிடமே எரிந்து விழுந்தேன்.

“யோசிச்சேன் மேடம். ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன், நாலுதான் வந்துச்சு. நீங்களே சொல்லியிருக்கீங்களே, நான்தான் எங்கியோ தப்புப் பண்றேன்னு நினைச்சு ஒன்பதையே ஷேட் பண்ணிட்டேன்.”