மாமா நீட்டிய கை

பத்து வயதிலேயே எனக்கு வீட்டில் உத்தியோகம் கிடைத்துவிட்டது. கவுன்சில் கடிதம் வந்தாலும் பல் வைத்தியரிடம் போனாலும் நான்தான் மொழிபெயர்ப்பாளர். லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இதே வேலைதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

அந்த வருடம் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, மூன்றாவது தடவையாக நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிரான்ஸில் பல வருடம் தனியாக இருந்து ஹோட்டல் குசினிகளில் சமையல் வேலை செய்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவர். ஆள் பாதியாகியிருந்தார். குளிருக்கு ஸ்வெட்டர், முகத்தில் ஒட்சிசன் மாஸ்க். வாயைத் திறந்தால் இருமல்தான் வரும், பேச்சு வராது.

தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுக்கிறேன் என்றார் டொக்டர். அம்மா பாய்ந்து விழுந்தார்.

"தமிழாக்கள் ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகமுதல் கதை அங்க போயிடும்."

சின்னப் பிள்ளையை வைத்துப் பேசுகிற விஷயமில்லை என்று டொக்டர் இரண்டு தரம் தயங்கினார். அம்மா விடவில்லை. பிறகு அவரும் பேசினார். இன்றைக்கும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம்தான்.

கிருமி திரும்பத் திரும்ப நுரையீரலைப் பிடிக்கிறது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இருந்தாலும் நல்ல மருந்து இருக்கிறது, மாமாவுக்குச் சம்மதமா என்று கேட்கச் சொன்னார். ஒன்றும் விளங்காமலே எல்லாவற்றையும் தமிழில் ஒப்புவித்தேன்.

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "எங்கட ஆக்களுக்கு உந்த வருத்தம் வராது. வேண்டாமாம் எண்டு சொல்லு."

கேட்டது மாமாவிடம்; பதில் சொன்னது அம்மா. அதையே மாமாவின் பதிலாக, நல்ல உச்சரிப்பில், நன்றியும் சேர்த்து டொக்டரிடம் சொன்னேன். அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். அப்போது மாமா என் பக்கமாகக் கையை நீட்டினார். மேசையில் தண்ணீர் இருந்தது. தாகமாக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கையையும் மடக்கவில்லை. "பேசாமப் படு தம்பி" என்று அம்மா போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினார்.

மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்களுக்கு வரவே வராத அந்த வருத்தத்துக்கு அம்மா அன்றைக்கே மாமாவின் கோப்பையையும் கிளாஸையும் வேறாக்கி வைத்தார். என்ன அநியாயம்! நாலாவது தடவை அம்புலன்ஸில் போனபோது மாமாவுக்கு நினைவில்லை. யாரையும் கேட்காமலே இரத்தம் எடுத்தார்கள். அதே எச்.ஐ.வி. வருத்தம்தான். அதற்குள் சுவாசப்பை இரண்டும் போய்விட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் நெஞ்சுச்சளி என்று சொன்னார் அம்மா.

இப்போது என்னோடு வேலை செய்கிற ஒருவருக்கு இதே வருத்தம் இருக்கிறது. காலையில் ஒரு மருந்துக் குளிசையைப் போட்டுவிட்டு எனக்கு முன்னமே வேலைக்கு வந்து நிற்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் நினைவுதான். அம்மாவோடு சண்டையும் போட்டுவிட்டேன். ஆனால் மாமாவைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்தானே. அவர் நீட்டிய கையில் உள்ளங்கை மேலே பார்த்தபடி இருந்தது. அவ்வளவு குளிரிலும், ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே இழுத்து விட்டிருந்தார்.