அப்பா முகர்ந்து பார்த்த காக்டெய்ல்

சம்பளம் கூடிய சந்தோஷத்தில், கோலசிலாங்கூர் ஆற்றோரத்தில் புதிதாகத் திறந்த உணவகத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். இறால் சம்பலை ரொட்டிக்குள் வைத்துத் தரும் நவீனக் கடை. மதுப் பட்டியலை மட்டும் அவர் கண்ணில் படாமல் கவிழ்த்து வைத்தேன். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கள்ளுக்கடையிலிருந்து அவரைத் தாங்கிப் பிடித்து லயத்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான்.

பரிமாறிய பெண் அவர் முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள். "எங்க ஸ்பெஷல் காக்டெய்ல் அங்கிள். கள்ளுல அசாம்போய், அந்த உப்புப் புளிப்புப் பழம் போட்டது. ஃப்ரீதான் லா."

அப்பா கோப்பையை எடுத்து முகர்ந்தார். தடுக்கக் கை நீட்டினேன்.

"நல்ல கள்ளுதான்" என்று சொல்லி என் பக்கம் நகர்த்தினார். "நீ குடிம்மா. காடிய நான் ஓட்டுறேன்."

அதுவரை அவரிடம் கொடுத்தே இராத கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அப்பா குடியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்குப் பயம் விட்டது அன்றைக்குத்தான்.