பாஸ்குவுக்கு முந்தின நாள் திரும்பி வந்த படப்பெட்டி

யுத்தம் முடிந்த கையோடு, தூத்துக்குடியில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். முதலாளி திருநெல்வேலியில் இருந்தார். எந்தப் படம் ஓடுகிறது, எது படுத்துவிட்டது என்பதை வாராவாரம் நான்தான் அவருக்கு எழுதுவேன். வயது இருபத்துமூன்று. சினிமாவில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பு வேறு.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு புராணப் படம் போட்டோம். கடற்கரைத் தெருக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து விழுந்தார்கள். தரை டிக்கெட்டில் உட்கார மணல் தெரியாது. பெண்கள் பக்கம் நெரிசல் தாங்காமல் தட்டியே சாய்ந்தது. அந்தப் படம் போய், நடுவில் ஒரு பழைய படமும் வந்து போன பிறகு, ஒரு குடும்பக் கதை வந்தது. தேவலோகம் கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. வீடு பிரிந்த அண்ணன் தம்பியின் கதை. பெஞ்சில் பத்துப் பேர், தரையில் அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.

படத்தோடு மதுரைக் கம்பெனியின் பிரதிநிதி ஒருவர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். தினமும் டிக்கெட் ஜன்னல் ஓரம் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இந்தப் படத்தை வாங்கச் சொன்னதே நான்தான் தம்பி. தூத்துக்குடியில விழுந்துட்டா அடுத்த ஊர்க்காரன் தொட மாட்டான். என் வேலையும் அதோட சரி" என்று ஒருநாள் சொன்னார். அதற்கு நான், "அது யானை, இது பூனைக்குட்டி அண்ணாச்சி" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இரண்டு படத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லி முதலாளியிடமிருந்து தபால் வந்தது. புராணப் படத்தைப் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். இதற்கு ஒரே வரி: 'ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை.' சனிக்கிழமையே பெட்டியை ரயிலேற்று என்று பதில் வந்தது. பிரதிநிதி சனிக்கிழமை காலை பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

அவர் போய் ஒரு மணி நேரம் இருக்கும். மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"தம்பி, நாளைக்கு எங்க தெருவே இங்கன வருது. பொம்பளையளுக்கு எடம் பிடிச்சு வையி."

"படம் போயிட்டே, ஆத்தா. ஆளே வரலை" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எப்படிய்யா வரும்? விபூதிப் புதன்லேர்ந்து தபசு காலமில்லா? நாப்பது நாளு கறி கிடையாது, கொட்டகை கிடையாது. நாளைக்குத்தான பாஸ்கு! உள்ள பாடுத பாட்டு எங்க வீடு வரைக்கும் கேக்கும். எம் மவ காதைப் பொத்திக்கிட்டுக் கெடந்தா. ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டியாலே நீ?"

நான் நாசரேத் பக்கத்துப் பனங்காட்டுக்காரன். கிறிஸ்தவ வேதக்காரர்களோடு வளர்ந்தவன்தான். ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் சினிமாவே ஆகாது என்று இருந்தவர்கள். நாற்பது நாள் ஒதுங்கியிருந்து, பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறன்று வரிந்து கட்டிக்கொண்டு வருகிற கடற்கரைக் கத்தோலிக்கர் வழக்கம் எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. விருந்துக்கு ஆள் கூடிய நாளையும் நோன்பு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சமையல் ருசி என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்!

சைக்கிளை எடுத்து மிதித்த மிதியில் செயின் கழன்று, பாதி வழி ஓடினேன். பிரதிநிதி பிளாட்பாரத்தில் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க, நான் எழுதிய அந்த வரியையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"முதலாளியைக் கேட்டீங்களா தம்பி?"

"இல்லை. என் சீட்டுக் கிழிஞ்சாலும் சரி."

"அப்ப அந்தப் பக்கம் பிடிங்க" என்று எழுந்தார். அவ்வளவுதான் அவர் என்னைக் கேட்டது.

மறுநாள் பூசை முடிந்து புதுச்சேலை, புதுவேட்டியோடு தெருத்தெருவாக வந்தார்கள். தரை நிறைந்து, பெஞ்சு நிறைந்து, வெளியிலும் நின்றார்கள். அண்ணன் தம்பி சேரும் இடத்தில் பெண்கள் பக்கம் எழுந்த அழுகையில் வசனமே கேட்கவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி வந்தார்கள். புராணப் படத்தைக் காட்டிலும் இரண்டு வாரம் கூடவே ஓடியது. அப்படி ஒரு மனக்கட்டுப்பாட்டோடு காத்திருந்துவிட்டு, அப்படி மனம்விட்டு ரசிக்கிற ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நடந்ததை முதலாளிக்கு நானே எழுதினேன். திட்டி எழுதினார், வேலையிலிருந்து நிறுத்தவில்லை. பிரதிநிதி ஊருக்குக் கிளம்பும்போது, கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையை என்னிடம் காட்டினார். முதல் வாரங்களில் கூட்டம் குறைந்ததற்குக் காரணம் 'தபசு காலம்' என்று மட்டும் எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ படங்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டேன். கொட்டகை காலியாகக் கிடக்கும் நாளில் படத்தைக் குறை சொல்ல வாய் வருவதற்குள், வராதவர்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டுவரக் கால் முந்திக்கொள்கிறது.