வெள்ளித்தாள் மேடம்

"முடி கொட்டுதுன்னு மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, மேடம் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்கிறார். வசவு வரும் என்று தெரியும். வருகிறது. அந்தப் பக்கம் அடங்கியதும், "சரிங்கம்மா. அத நிறுத்திட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க. திரும்ப ரத்தம் எடுக்கணும்" என்கிறார். குரலில் கோபமும் இல்லை, உயிரும் இல்லை.

ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் லேபில் அவர் வேலை. முடி வளர்வதற்கான மாத்திரைகளில் இருக்கும் ஒரு சத்து அவருடைய இயந்திரத்தை ஏமாற்றிவிடுமாம். இல்லாத வைட்டமினை இருப்பதாகக் காட்டுமாம். சந்தேகமான எண் வந்தால் போனை எடுத்துவிடுவார். "மெஷின் தானா பொய் சொல்லாது. நாமதான் சொல்ல வைக்கிறோம்" என்பார்.

ஜன்னல் இல்லாத அறை. செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய பாதங்களை ஒரு காலி அட்டைப்பெட்டிமேல் வைத்திருப்பார். நான் தரை துடைக்க வந்தால் கேட்காமலே கால்களைத் தூக்கிக்கொள்வார். வெளிச்சம் பட்டால் வைட்டமின் கெட்டுவிடும் என்று ஒவ்வொரு ரத்தக் குழாயையும் வெள்ளித்தாளில் சுற்றுவார். அவ்வளவு தேவையில்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. "இருக்கட்டும் சார், போத்திவிட்டா நமக்கென்ன நட்டம்?" என்று இன்னும் சுற்றுகிறார். வெள்ளித்தாள் மேடம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

போன வாரம் அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் ரிப்போர்ட் வாங்க வந்தார்கள். அக்காவுக்கு இடுப்பிலும் முழங்காலிலும் தீராத வலி. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, லீவு போட்டிருந்தார். எண் நன்றாக இருந்தால் திங்கட்கிழமை கடைக்குப் போயாக வேண்டும் என்பது வீட்டுக்காரரின் தீர்ப்பு.

"உங்கக்காவுக்கு ஒடம்பெல்லாம் வலி. வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்ல" என்று சிரித்தபடி தாளை எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான இருக்கு? நான்தான் சொன்னேனே, எல்லாம் நடிப்பு!"

எண் நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே. மேடம் அக்காவின் மெலிந்த பின்னலைப் பார்த்தார். அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வியை மேடம் அங்கே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனிதருக்குச் சிரிக்க இன்னொன்று கிடைத்திருக்கும்.

தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். "இந்த நம்பர நம்பாதீங்க மாமா. சாம்பிள் கெட்டுப்போச்சு. என் தப்புதான். அடுத்த வாரம் மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் அவள வேலைக்கு அனுப்பாதீங்க."

"இத்தன வருஷமா செய்யறது இது ஒண்ணுதான். அதுலயும் கோட்டை விட்டாச்சா?"

"ஆமா மாமா."

அவர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுக்கப் போனார்.

மேடம் அக்காவின் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

மேடத்தின் கை நீட்டியபடியே இருந்தது. அக்கா பையைத் துழாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து அதில் வைத்தார். மேடம் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அக்காவின் பின்னலை முன்னால் இழுத்து, அவிழ்ந்திருந்த நுனியை முடிந்துவிட்டார்.