பட்டியலில் இல்லாத கீரை

மெல்பேர்ன் குளிரில், மல்கிரேவ் வீட்டின் பின்வளவில் வல்லாரை வளர்த்தவன் நான். ஒரு காலத்தில் இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிக்கொண்டு வந்த வருடம் அது. சாப்பாட்டில் கவனமாக இருந்தால் டயாலிசிஸை இன்னும் கொஞ்சக் காலம் தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர். பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கு ஆபத்து என்று, உணவு ஆலோசகர் பெண் ஒரு பட்டியலும் தந்தாள். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, ஸ்பினாச், சில்வர்பீட் என்ற இந்த நாட்டுக் கீரைகள், எல்லாம் கூடாது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தோம். மனைவிக்கு நாக்குச் செத்துப்போய்விட்டது. இரண்டு வாய் சோற்றோடு எழும்பிவிடுவாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எனக்குச் சமையல் வராது, மண் கிண்டத்தான் தெரியும்.

தெருவோரம் யாரோ எறிந்திருந்த குளியலறைக் கண்ணாடிக் கதவைத் தூக்கி வந்தேன். பழைய பலகைகளை அடித்து, பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் பதிந்தும் ஒரு பெட்டி செய்து, இந்த நாட்டுக் குளிர்காலத்து வடக்கு வெயில் விழும்படி வைத்துக் கண்ணாடியால் மூடினேன். உள்ளே வல்லாரையும் வெந்தயக்கீரையும். இந்தக் குளிருக்கு வல்லாரை வராது என்று தமிழ்க்கடைக்காரர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடிந்ததும் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டுவேன். வெயில் ஏறினால் செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்துவைப்பேன், இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் அவிந்துவிடும். பகல் வெக்கை இரவுக்கும் தங்க வேண்டுமென்றால் மூன்று மணிக்கே மூடிவிட வேண்டும். பிள்ளைகளை வளர்த்தபோதுகூட நான் இப்படி நேரம் தவறாமல் இருந்ததில்லை.

முதல் பிடி வல்லாரையைப் பச்சையாக அரிந்து அவளே சம்பல் போட்டாள். போட்டுவிட்டு, சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் கீரைதானேயப்பா. லிஸ்ட்டிலை கீரை கூடாதெண்டெல்லே கிடக்கு?"

"அது அவையின்ரை கீரைக்கு. வல்லாரை லிஸ்ட்டிலை இல்லை. இது மருந்தப்பா, நீர் சாப்பிடும்."

மருத்துவமனைக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். பட்டியல் தந்த அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வல்லாரையைப் பற்றி என்ன தெரியும் என்ற எண்ணம் எனக்கு. மனைவி என்னை நம்பினாள். அன்று இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சம்பல், இல்லையென்றால் தேங்காய்ப்பூ போட்டு வறை. வெந்தயக்கீரை அவித்த தண்ணீரையும் வீணாக்காமல் வடித்துக் குடிக்கக் கொடுத்தேன். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் வழமையான இரத்தப் பரிசோதனை. அன்று பின்னேரமே அழைப்பு வந்தது. பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றார்கள்.

நெஞ்செல்லாம் வயர்களோடு கிடந்தவளிடம் அதே ஆலோசகர் பெண் வந்து, கடைசியாக என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கப்போனேன். மனைவி என் கையை அழுத்தினாள். ஆசை அடக்க முடியாமல் களவாக வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டேன், தினமும் இரண்டு மூன்று, என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகவே கண்டித்தாள். பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல இருந்தது. முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. தெரிஞ்சால் பிள்ளையள் உங்களைச் சும்மா விடாதுகள். எனக்குப் பிறகு அதுகளோடைதானே இருக்கப்போறியள்."

நான் பேசாமல் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த வாரமே டயாலிசிஸ் தொடங்கினார்கள். அவளுடைய இதயம் அதைத் தாங்கவில்லை. குளிர்காலம் முடியும் முன்பே போய்விட்டாள்.

ஆண்டுத் திவசத்தன்று வீடு நிறைய ஆட்கள். இவ்வளவு சீக்கிரம் போய்விட்டாளே என்று ஒரு அன்ரி கேட்க, மகள் பெருமூச்சு விட்டாள்.

"அம்மா வாயைக் கட்டேல்லை அன்ரி. ஒளிச்சு வாழைப்பழம் சாப்பிட்டவ. அப்பாதான் பாவம், அவவுக்காக எவ்வளவு பாடுபட்டவர். என்னப்பா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஓம் என்றேன்.