மருமகளுக்குப் பாடம், மாமனாருக்கு நாற்காலி

காரைக்காலில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவருக்கு வணக்கம் கிடைக்கும், டச்சு சொல்லிக்கொடுப்பவனிடம் "அது எந்த ஊர் பாஷை?" என்பார்கள். பள்ளியில் தமிழும் பிரெஞ்சும் படித்து, ஹாலந்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பிய நான், தருமபுரத்தில் வீட்டு முன்னறையில் டச்சு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே வேலை பார்ப்பவர்களின் மனைவிமார். கணவனிடம் போய்ச் சேர விசா வேண்டுமென்றால் முதலில் டச்சுப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். டியூஷன் எடுத்து நொந்தவர்களே, உங்களுக்கு மாணவர்கள்தான் தொல்லை. எனக்கு, கூட வருபவர்கள்.

முடியும்

கருக்களாச்சேரியிலிருந்து கலையரசியை அவர் மாமனார் பைக்கில் கூட்டி வருவார். விட்டுவிட்டுப் போகமாட்டார். மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். 'இக் கன்' என்றால் 'என்னால் முடியும்' என்று சொல்லிக்கொடுத்து, "உங்களால என்னென்ன முடியும், சொல்லுங்க" என்றேன். ஸ்கூட்டி ஓட்டுகிற, நீந்துகிற, துறைமுகத்தில் நின்று மீன் ஏலம் விடுகிற பெண். அவர் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது:

"அதுக்கு எல்லாம் முடியும் சார். நீங்க மேல நடத்துங்க."

அனுமதி

அடுத்த வாரம் 'இக் மஹ்'. எனக்கு அனுமதி உண்டு என்று பொருள். ஜன்னலைத் திறக்கலாமா, இங்கே உட்காரலாமா, வேலைக்குப் போகலாமா என்று டச்சில் என்னிடம் கேட்க வேண்டும். கலையரசி கேட்டதெல்லாம் மாமனாரைத் திரும்பிப் பார்த்து. டச்சில் ஒரு சொல்லும் தெரியாத அந்த மனிதர் பெருந்தன்மையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகலாமா என்பதற்கும் ஆட்டினார், பாவம்.

மாலையில் ராட்டர்டாமிலிருந்து கணவர் கூப்பிட்டார். கப்பல் பட்டறையில் வெல்டர். டீ குடிக்கப் போகவே மேஸ்திரியிடம் டச்சில் கெஞ்சுகிறவர். பாடத்தைக் கேள்விப்பட்டுப் பதறிப்போயிருந்தார்.

"அந்தப் பாடத்த விட்டுருங்க சார். பர்மிஷன்னா எங்கிட்டதானே கேக்கப்போறா, தமிழ்லயே கேட்டுக்கட்டும்."

ஒத்திகை

தேர்வில் கேள்வி கேட்பது கம்ப்யூட்டர். சில நொடிகளுக்குள் மைக்கில் பதில் சொல்லியாக வேண்டும். யார் முகத்தையும் பார்க்க நேரமில்லை. தேர்வுக்கு முன் செல்போனில் பதிவு செய்து ஒத்திகை வைத்தேன். போட்டுக் கேட்டோம். என் கேள்வி, மின்விசிறிச் சத்தம், பிறகு மாமனார்: "சொல்லும்மா." அடுத்த கேள்வி. "இதத்தான் அன்னிக்கே படிச்சியே." கடைசிவரை கலையரசியின் குரலே இல்லை.

இப்படிப் போனால் விசா வராது என்றேன். "நான் பக்கத்துல உக்காந்தா பயமில்லாம சொல்லிடும்" என்றார் மாமனார். தேர்வறைக்குள் உங்களை விடமாட்டார்கள் என்றேன். கலையரசி போனை என்னிடமிருந்து வாங்கி, பதிவை இன்னொரு தடவை முழுக்கக் கேட்டார். பிறகு சத்தம் உயர்த்தாமல் சொன்னார்:

"மாமா, நீங்க போயி ஒரு டீ சாப்புட்டு வாங்க. கதவச் சாத்திட்டுப் போங்க. நான் பேசணும்."

கலையரசி தேறி விமானமும் ஏறிவிட்டார். அப்பனும் பிள்ளையும்தான் இன்னும் முதல் பாடத்திலேயே நிற்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும், ஆனால் மாட்டேன்.