வல்பரைசோவில் கடல் வடக்கே

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு பனி கரைந்த கையோடு, ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் எனக்கு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை கிடைத்தது. பருத்தித்துறையில் பதினாலு வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்ததும் என் சான்றிதழ்களை ஆசிரியர் தகுதி பார்க்கும் ஒரு கந்தோருக்கு அனுப்பினேன். நான் படித்த பல்கலைக்கழகமே பாடத்திட்டத்துக்கு முத்திரை குத்தி நேரே தங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அப்போது ஒழுங்காகக் கடிதமே போய்ச் சேராது. அதை விளக்கி எழுதினேன். முதல் வந்த கடிதத்தின் இன்னொரு பிரதியை அனுப்பினார்கள். திரும்பவும் எழுதினேன். திரும்பவும் அதே கடிதம். அந்தக் கிழமைதான் ரோலரைக் கையில் எடுத்தேன்.

வேலை தந்தவர் ஒரு சிலி நாட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எழுபதுகளில் அங்கே இராணுவ ஆட்சி வந்தபோது மனைவியோடு தப்பி வந்தவர். ஒரு பழைய வான், மூன்று ஏணி, அவர், நான். அவ்வளவுதான் எங்கள் கொம்பனி. நாங்கள் இருவரும் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் வாசிக்கிறவர்களுக்குத் தலையிடி வரும். அதனால் அவர் பேசியதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு படிக்கட்டுச் சுவருக்கு அடித்துக்கொண்டிருக்கும்போது, ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்.

"ரீச்சர். புவியியல் படிப்பிச்சனான்."

அவர் முகம் விரிந்தது. "அப்ப உனக்கு வல்பரைசோ தெரிஞ்சிருக்க வேணுமே? நான் அந்த ஊர்."

இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விசயத்தை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கொஞ்சம் தலைகால் தெரியவில்லை. வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன். "பசுபிக் கரைத் துறைமுகம். பனாமாக் கால்வாய் வெட்ட முதல், தென்முனையைச் சுற்றி வாற கப்பலெல்லாம் அங்கை நிண்டுதான் போகும். கால்வாய் வந்த பிறகு ஊர் விழுந்துபோச்சு. முக்கிய ஏற்றுமதி நைத்திரேற்று."

அவர் ரோலரைத் தட்டில் வைத்தார். "நைத்திரேற்று வடக்கிலை, பாலைவனத்துத் துறைமுகங்களிலை ஏத்தினது. எங்கடை ஊரிலை அந்த வியாபாரத்தின்ரை கந்தோர்கள்தான் இருந்தது. ஊர் விழுந்துபோச்சோ? கால்வாய் வெட்டின பிறகுதானே நான் அங்கை பிறந்தனான்!"

எனக்கு முகம் சுட்டது. அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய்த் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பதினாலு வருடம் நான் பிள்ளைகளுக்கு அதைப் பிழையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேறு மாதிரி எழுதியவர்களுக்குச் சிவப்புப் பேனையால் வெட்டியும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் "புரொபெசோர்" என்றுதான் கூப்பிடுவார். அவர்களுடைய மொழியில் பள்ளிக்கூட ஆசிரியருக்கும் அதுதான் சொல்லாம். கேலியா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தக் கோடை முழுவதும் ஊர்க்கதைதான். கடற்கரையோடு ஒரு ஒடுங்கின சமதரை. துறைமுகமும் வங்கிகளும் அதில். மற்றதெல்லாம் மலை. ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர், ஒரு குணம். ஒரு மலைப் பிள்ளைகள் மற்ற மலைக்குப் போனால் கல்லெறி வாங்குவார்கள். செங்குத்தான தண்டவாளத்தில் மரப்பெட்டி மாதிரி ஒன்றைக் கம்பிவடம் மேலே இழுக்கும். சனம் அதில் ஏறி வீட்டுக்குப் போகும். தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் அது நாலாம் மாடி, மிச்சம் மூன்று மாடியும் கால்களுக்குக் கீழே சரிவில் இறங்கிக் கிடக்கும். வீடுகளுக்கு வெளிப்பக்கம் நெளித்தகரம். கப்பல்களுக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை வாங்கி, கிடைத்த நிறத்தை அடிப்பார்கள். அவருடைய அம்மாவின் வீடு மஞ்சளாம்.

குறைகளையும் சொல்வார். பள்ளங்களுக்குள் குப்பை. சொந்தக்காரர் இல்லாத நாய்கள். தீப்பிடித்தால் மேலே தண்ணீர் ஏறாது. நிலம் நடுங்கினால் எல்லாரும் படிக்கட்டில் நின்று கடல் ஏறி வருகிறதா என்று பார்ப்பார்கள்.

"காலமை அம்மாவின்ரை குசினி யன்னலைத் திறந்தால் வடக்கை முழுக்கக் கடல்" என்றார் ஒருநாள்.

"மேற்கை" என்று திருத்தினேன். "சிலிக்குக் கடல் மேற்கை."

"நாட்டுக்கு மேற்கை. எங்கடை ஊருக்கு வடக்கை."

விடவில்லை நான். வாளி மூடியில் ஈரப் பெயின்றால் தென்னமெரிக்காவைக் கீறி, கரை மேலிருந்து கீழ் நேராக இறங்குகிறது என்று காட்டினேன். அவர் அந்தக் கோட்டின் நடுவில் விரலை வைத்து ஒரு சின்ன வளைவை இழுத்தார். குடா. வாய் வடக்குப் பக்கம் திறந்திருந்தது. நூலகத்து அட்லஸிலும் அப்படித்தான் கிடந்தது. நான் பிறந்த ஊருக்கும் கடல் வடக்கேதான். இலங்கைத்தீவுக்கு நாலு பக்கமும் கடல் என்று படித்துவிட்டு யாராவது என்னிடம் வந்து வாதாடியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆனாலும் தோற்றது தோற்றதுதான். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அவருடைய ஊர் எனக்கு அலுத்துப்போனது என்பதையும் மறைக்கக்கூடாது. வீட்டில் மனைவியிடம் புறுபுறுப்பேன்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் கதைக்கிறதோ உங்களுக்குப் பிரச்சினை, அந்தாளுக்குக் கதைக்க ஒரு ஊர் கிடக்கிறதோ?" என்று அவள் கேட்டாள்.

ஆவணி மாதம் ஏரிப்பக்கம் ஒரு பழைய மூன்றுமாடி வீடு கிடைத்தது. அறை அறையாக வாடகைக்கு விடுகிற வீடு. உள்ளே எல்லாம் ஒரே பால்வெள்ளை. ரொறன்ரோவில் நாங்கள் அடித்த சுவர்களில் பத்துக்கு ஒன்பது அந்த நிறம்தான். பின்வளவில் தகரம் அடித்த ஒரு கராஜ் நின்றது. அதற்கு என்ன நிறம் என்று சிலிக்காரர் தொலைபேசியில் வீட்டுக்காரரிடம் கேட்டார். "மிஞ்சினதை அடி" என்று பதில் வந்தது.

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வானுக்குள் பழைய வேலைகளில் மிஞ்சிய பெயின்ற் வாளிகள் எத்தனையோ கிடந்தன. மஞ்சள், கடும் நீலம், செங்கல் நிறம், ஒரு பள்ளிக்கூடக் கதவுக்கு வாங்கிய பச்சை. கராஜின் ஒவ்வொரு தகரத்துக்கும் ஒவ்வொரு நிறம் என்று பிரித்தார். எனக்கு முதலில் பயமாக இருந்தது.

"வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரோ?"

"மிஞ்சினது எண்டு அவர்தானே சொன்னவர். எங்கடை ஊர் முழுக்க மிஞ்சினதுதான், புரொபெசோர்."

இரண்டு பின்னேரம் அடித்தோம். உண்மையைச் சொன்னால், அந்த வருடத்தில் எனக்குக் கோபம் வராத இரண்டு பின்னேரங்கள் அவைதான். மஞ்சள் தகரத்துக்குப் பக்கத்தில் நீலத்தை அடித்து முடித்து நாலு அடி பின்னால் வந்து பார்த்தபோது, என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்து வளவுக் கிழவி ஒருத்தி வேலிக்கு மேலால் கை தட்டினாள்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்காரர் வந்தார். கராஜைப் பார்த்ததும் அவர் கழுத்து சிவந்தது. மிஞ்சினது என்றால் உள்ளே அடித்து மிஞ்சிய வெள்ளை என்று அர்த்தமாம். இது சர்க்கஸ் கூடாரமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் வெள்ளையாக இல்லாவிட்டால் ஒரு சதமும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிலிக்காரர் வாதாடவில்லை. போய் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நான் காத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் போனது. எனக்கு இந்த வேலை போனால் வேறு இல்லை. வீட்டில் மனைவிக்கு ஆறு மாதம். வெள்ளைப் பெயின்றைத் திறந்து நான் தனியாக அடிக்கத் தொடங்கினேன். மஞ்சள் ஒரு பூச்சில் மறைந்தது. நீலம் மறையவில்லை. இரண்டாவது பூச்சுக்கும் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடித்துத் திரும்பவும் அடித்தேன். அப்போதும் தெரிந்தது. நான் சந்தோசமாக இருந்த இரண்டு பின்னேரத்தை நானே அழிக்க வேண்டியிருக்கிறதே, அதுவும் அழிய மாட்டேன் என்கிறதே என்று வாளியை எட்டி உதைத்தேன்.

சத்தம் கேட்டு அவர் வந்தார். வெள்ளையைப் பார்த்தார்.

"ஓம், நீ ரீச்சர்தானே. சொன்னதைச் செய்யிற ஆக்கள் நீங்கள்."

அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெடித்தது. முதலில் தமிழில் கத்தினேன். அவருக்கு விளங்காது என்று தெரிந்தும் கத்தினேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "உங்கடை நாட்டிலை ஆமி ஆட்சி முடிஞ்சுபோச்சு. வழி திறந்து கிடக்கு. உவ்வளவு நல்ல ஊர் எண்டால் போய் இருங்கோவன்! ஏன் இஞ்சை நிண்டு என்ரை உயிரை வாங்கிறியள்? எனக்குப் போக வழி இல்லை. என்ரை ஊருக்கு ஒரு கடிதம் கூடப் போகுதில்லை!"

அவர் சரிந்து கிடந்த வாளியைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தார்.

"போனனான்" என்றார். "போன வருசம். மனுசியைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மூன்று கிழமை நின்றாராம். அவர்களுடைய மலைக்குப் போகிற பெட்டி ஓடவில்லை, திருத்தப் பணமில்லை என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். படியில் ஏறினார். இடையில் நாலு தரம் நின்று மூச்சு வாங்கினார். வீட்டில் தங்கச்சி இருந்தாள். வீடு பச்சை நிறத்தில் நின்றது.

"ஏன் மஞ்சளை மாத்தினனி எண்டு கேட்டன். எப்ப மஞ்சள் அடிச்சது, இது எப்பவும் பச்சைதானே எண்டாள். ரெண்டு பேரும் சண்டை பிடிச்சம். கடைசியிலை அவள் குசினிக்குள்ளை போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து தகரத்தைச் சுரண்டினாள். பச்சைக்குக் கீழை நீலம். நீலத்துக்குக் கீழை மண்ணிறம். அதுக்குக் கீழை வெறும் தகரம். மஞ்சள் இல்லை. பதினெட்டு வருசமாய் என்ரை மனுசிக்கு, பிள்ளையளுக்கு, உனக்கு, எல்லாருக்கும் மஞ்சள் வீடு மஞ்சள் வீடு எண்டு சொல்லியிருக்கிறன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னுடைய பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திய மனிதர், தான் சொன்னதும் பிழை என்று தெரிந்துகொண்டே கோடை முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் எனக்கும் மஞ்சள் எண்டு சொன்னனீங்கள்?"

"பச்சை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை" என்றார்.

பிறகு எழும்பி மற்ற ரோலரை எடுத்தார். நீலத் தகரத்துக்கு நாலாவது பூச்சை அவரே அடித்தார். வியாழன் பின்னேரம் கராஜ் வெள்ளையாக நின்றது. வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், நன்றி கூடச் சொல்லவில்லை. பக்கத்து வளவுக் கிழவி வேலிப்பக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் அவரோடு வேலை செய்தேன். சண்டை பிடித்தோம் என்று சொல்ல முடியாது. அவர் ஊரைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அலுத்துப்போயிருந்த எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வானுக்குள் வானொலி ஓடும், நாங்கள் இரண்டு பக்க யன்னலாலும் பார்த்துக்கொண்டு போவோம். ஏதாவது கேட்டுத் தொடங்கலாம் என்று பல தடவை வாயைத் திறந்து மூடியிருக்கிறேன். என் சான்றிதழ் விசயமும் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க இன்னும் மூன்று வருடம் படிக்க வேண்டும் என்று எழுதினார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு யார் படிப்பது? நகரத்துக்கு வெளியே பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்து, வீட்டையும் அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

நாலைந்து வருடம் கழித்து, ஒரு அலுவலாகப் பார்க்டேலுக்கு வந்தபோது, தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் அவரைக் கண்டேன். முன்பக்கச் சீற்றில் பொல்லோடு இருந்தார். முழங்கால் போய்விட்டதாம், வானை விற்றுவிட்டாராம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நானும் கேட்டேன். களஞ்சியத்தில் என்ன வேலை என்று கேட்டார். பெட்டி அடுக்கிறது என்றேன். தங்கச்சி எப்படி இருக்கிறா, மலைக்கு ஏறுகிற அந்தப் பெட்டி திரும்ப ஓடுகிறதா என்று கேட்க நினைத்து நினைத்து, குளிரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

"வாறன், புரொபெசோர்" என்று சொல்லி அவர் ஒரு தரிப்பில் இறங்கினார். பொல்லை ஊன்றி நடைபாதையில் ஏறுவதைக் கண்ணாடியால் பார்த்தேன். கூட இறங்கியிருக்கலாம். அடுத்த ஸ்ரீட்கார் ஐந்து நிமிடத்தில் வரும். கதவு சாத்தும் வரை எழும்பலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன்.